பழைய ஃபெர்குசன் டிராக்டரின் வயதையும் வழிமரபையும் கண்டறியும் முறை

பிரிட்டனில் பழைய பண்ணைக் கருவிகள் ஏலத்துக்கு வரும் இடங்களில் சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய டிராக்டராவது நிற்பது வழக்கம். அந்நாட்டு விவசாயிகள் 'லிட்டில் கிரே ஃபெர்கி' என்று செல்லமாக அழைக்கும் ஃபெர்குசன் டி.இ.20 அது. 1946 முதல் 1956 வரை கோவென்ட்ரி நகரில் ஏறக்குறைய ஐந்து லட்சம் வண்டிகள் செய்யப்பட்டதால், இன்றும் அது எளிதாகவே விலைக்குக் கிடைக்கிறது. கிடைத்த வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது, அதில் எந்தெந்தப் பாகங்கள் தொடக்கத்திலிருந்தே அதனுடன் இருக்கின்றன என்று சொல்வதுதான் கடினம். எஞ்சின் மாற்றப்பட்டிருக்கும், பானட் வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கும், தொடர் எண் பொறித்த தகடுகூடப் புதிதாக அடித்துப் பொருத்தப்பட்டிருக்கலாம். விற்பவர் சொல்லும் ஆண்டை அப்படியே ஏற்றுக்கொள்பவர் பெரும்பாலும் தவறான ஆண்டையே எழுதிவைத்துக்கொள்கிறார்.

இதற்குச் சரியான மருந்து தயாரிப்பாளரின் வரலாறுதான் என்பது என் கருத்து. ஹாரி ஃபெர்குசன் பிரிட்டனில் தம் டிராக்டரைச் செய்யச் சொந்தமாக ஒரு தொழிற்சாலையை நடத்தியவர் அல்லர். யோசனையும் காப்புரிமையும் விற்பனையும் அவருடையவை. இரும்பை வார்த்ததும் எஞ்சினைச் செய்ததும் மற்றவர்கள். டேவிட் பிரவுன், ஹென்றி ஃபோர்டு, ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, மாஸி-ஹாரிஸ் என்று கூட்டாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு கூட்டும் சேர்ந்தபோதும் பிரிந்தபோதும் டிராக்டரின் கியர்பாக்ஸிலோ, எஞ்சினிலோ, நிறத்திலோ ஒரு தடம் விழுந்தது. அந்தத் தடங்களை வரிசையாக அறிந்தவர், எண் தகடே இல்லாத வண்டியையும் ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் நிறுத்திவிட முடியும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டிய கதை

ஃபெர்குசன் 1884இல் அயர்லாந்தின் டவுன் கவுண்டியில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். பண்ணை வேலையில் விருப்பமில்லாமல் பெல்ஃபாஸ்ட் நகரில் மோட்டார் தொழிலுக்கு வந்தார். 1909 டிசம்பர் 31 அன்று தாமே செய்த விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதலில் பறந்தவர் என்ற பெயரையும் பெற்றார். டிராக்டர் அவருடைய கவனத்துக்கு வந்தது முதல் உலகப் போரின்போதுதான். உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டியிருந்த 1917இல், டிராக்டர் உழவைச் சீர்படுத்தும் பொறுப்பை அயர்லாந்தின் வேளாண்மைத் துறை அவரிடம் ஒப்படைத்தது. ஊர் ஊராகச் சென்று பார்த்தபோது, குதிரைக்குப் பதிலாக டிராக்டரைப் பூட்டி, அதே கலப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்த காட்சியே எங்கும் அவருக்குக் கிடைத்தது. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால், பின்சக்கரங்கள் நின்றுவிட, டிராக்டரின் முன்பகுதி மேலே எழும்பி ஓட்டுநர் மீதே கவிழும் ஆபத்து இருந்தது. கலப்பையைத் தனியாக இழுக்காமல் டிராக்டரின் ஓர் உறுப்பாகவே ஆக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகள் அந்த ஒரே யோசனையைத் தேய்த்துத் தேய்த்து, இரண்டு கீழ்க்கைகளும் ஒரு மேற்கையும் கொண்ட மூன்று புள்ளி இணைப்பாகவும், அதை உயர்த்தித் தாழ்த்தும் ஹைட்ராலிக் அமைப்பாகவும் உருவாக்கினார்.

1933இல் பெல்ஃபாஸ்டில் அவர் உருவாக்கிய மாதிரி டிராக்டர் கறுப்புப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்ததால் 'பிளாக் டிராக்டர்' என்றே பெயர் பெற்றது. அதற்குப் பல்சக்கரங்களைச் செய்துகொடுத்தது யார்க்ஷயரின் ஹட்டர்ஸ்ஃபீல்டிலிருந்த டேவிட் பிரவுன் நிறுவனம். 1936இல் அதே நிறுவனம் ஃபெர்குசனுக்காக 'டைப் ஏ' டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கியது; இன்று அதை ஃபெர்குசன்-பிரவுன் என்கிறார்கள். விலை 224 பவுண்டு. அதற்கான கருவிகளைத் தனியாக வாங்க வேண்டும். சுமார் 1,350 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்டன. விற்பனை மந்தமாக இருந்ததால் டிராக்டரைப் பெரிதாக்க வேண்டும் என்றார் பிரவுன். விலையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்றார் ஃபெர்குசன். இருவரும் பிரிந்தார்கள். டேவிட் பிரவுன் 1939இல் தன் சொந்த டிராக்டரான வி.ஏ.கே.1ஐ வெளியிட்டு, மெல்தம் ஊரிலிருந்து தனி வழியில் சென்றது. ஆகவே 1939க்குப் பிந்தைய டேவிட் பிரவுன் வண்டியை யாராவது 'ஃபெர்குசன் வகை' என்று சொல்லி விற்க வந்தால் அதை அந்தக் கணமே ஒதுக்கிவிடலாம்.

1938 அக்டோபரில் ஃபெர்குசன் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா சென்று, டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டின் முன்னால் உழுதுகாட்டினார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டதே ஒப்பந்தம்; எழுத்தில் ஒன்றுமில்லை. 1939 ஜூனில் ஃபோர்டு 9என் டிராக்டர் 'ஃபெர்குசன் சிஸ்டம்' என்ற பட்டயத்துடன், அதாவது பெயர்ச் சின்னத்துடன், வெளிவந்தது. 1947 வரை அந்த வகையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்ததும் அந்தக் கைகுலுக்கலுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. ஃபோர்டு நிறுவனம் தனியாக 8என் டிராக்டரை விற்கத் தொடங்க, ஃபெர்குசன் 1948இல் 25 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 1952இல் 92.5 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமாக முடிந்தது. கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் இது சொற்பம். ஆனால் அந்த நேரத்தில் அவருடைய கவனம் முழுவதும் கோவென்ட்ரியில் இருந்தது.

கோவென்ட்ரியின் பேனர் லேன் தொழிற்சாலை, போர்க்காலத்தில் பிரிஸ்டல் ஹெர்குலிஸ் விமான எஞ்சின்களைச் செய்வதற்காக அரசு கட்டியது. நடத்தியது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. போர் முடிந்ததும் காலியாகக் கிடந்த அந்தக் கூடத்தில் டிராக்டர் செய்ய, ஸ்டாண்டர்டின் தலைவர் சர் ஜான் பிளாக்கும் ஃபெர்குசனும் உடன்பட்டார்கள். 1946 ஜூலையில் முதல் டி.இ.20 வெளியே வந்தது. 'டி.இ.' என்பது இங்கிலாந்து டிராக்டர் என்பதன் சுருக்கம். ஃபோர்டுடன் முறிந்த பிறகு ஃபெர்குசன் அமெரிக்காவின் டெட்ராய்டில் செய்த இதே வடிவ வண்டிக்கு 'டி.ஓ.', அதாவது கடல் கடந்த டிராக்டர், என்று பெயர்.

1953இல் ஃபெர்குசன் தம் தொழிலைக் கனடாவின் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தார். 1.6 கோடி டாலரா, 1.7 கோடி டாலரா என்று இழுபறி நின்றபோது, இடைப்பட்ட பத்து லட்சத்தை நாணயம் சுண்டித் தீர்த்துக்கொண்டார்கள், ஃபெர்குசன் தோற்றார். மறு ஆண்டே அவர் விலகிவிட்டார். 1956இல் டி.இ.20 நின்று எஃப்.இ.35 வந்தது. 1957இன் இறுதியில் அது சிவப்பு நிற எம்.எஃப்.35 ஆயிற்று, 1958இல் நிறுவனம் மாஸி ஃபெர்குசன் என்று பெயர் சுருங்கியது. 1959இல் அது ஸ்டாண்டர்டிடமிருந்து பேனர் லேனை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு பீட்டர்பரோவின் பெர்கின்ஸ் எஞ்சின் நிறுவனத்தையும் வாங்கியது. எம்.எஃப்.135 வந்தது 1964 டிசம்பரில். 1994இல் நிறுவனம் அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்தின் கைக்குப் போய், 2003இல் பேனர் லேன் மூடப்பட்டது.

வண்டியைப் பார்க்கச் செல்லும்போது

டார்ச், கம்பி பிரஷ், மண்ணெண்ணெய் நனைத்த துணி, சாக்பீஸ், சிறு கண்ணாடி, படம் எடுக்கக் கைபேசி ஆகியவை போதும். எண் பொறித்த இடத்தைக் கம்பி பிரஷால் ஓங்கித் தேய்க்காமல், முதலில் மண்ணெண்ணெயால் பிசுக்கை ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பிறகு சாக்பீஸைத் தடவினால் பள்ளமான எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். டார்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், அரம் போட்டு அழித்த எண்கூட நிழலாகத் தெரிவதுண்டு. வண்டியுடன் வரும் பழைய பெட்டியில் அங்குல அளவுகள் பொறித்த இருமுனை ஸ்பேனர் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபெர்குசன் தம் வண்டிக்கும் கருவிகளுக்கும் பெரும்பாலும் அந்த ஒரே ஸ்பேனர் போதுமாறு நட்டுகளின் அளவை வகுத்திருந்தார். கலப்பையைச் சரிசெய்யும் அளவுகோலாகவும் அது பயன்பட்டது. அது வண்டியின் வயதைச் சொல்லாது என்றாலும், உரிமையாளர் எத்தனை கவனமானவர் என்பதைச் சொல்லும்.

குடும்பத்தைப் பிரித்தறிதல்

எண்ணைத் தேடுவதற்கு முன் வண்டி எந்தக் குடும்பம் என்று முடிவுசெய்யுங்கள். டி.இ.20, டி.ஓ.20, ஃபோர்டு 9என் ஆகிய மூன்றும் ஒரே வயிற்றில் பிறந்தவை போலவே தோன்றும். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான ஃபோர்டு-ஃபெர்குசன்கள் பிரிட்டனுக்கு வந்ததால், அங்குள்ள களஞ்சியங்களில் இந்தக் குழப்பம் வெறும் கற்பனையல்ல.

மிக எளிய சோதனை கியர் நெம்புகோல். 9என் வண்டியில் முன்னோக்கிய கியர்கள் மூன்று, டி.இ.20இல் நான்கு. டி.இ.20இன் கியர் நெம்புகோலுக்கு மற்றொரு வேலையும் உண்டு: அதை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். கியரில் இருக்கும்போது வண்டி தவறிப்போய்க் கிளம்பாமல் இருக்க ஃபெர்குசன் செய்த ஏற்பாடு அது; வேறு தனி சுவிட்சு பொருத்தியிருந்தால் யாரோ பின்னால் கைவைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது எஞ்சினின் தலைப்பகுதி. 9என் எஞ்சினின் வால்வுகள் பிளாக்கின் பக்கவாட்டில் இருப்பதால் மேல்மூடி தட்டையாக இருக்கும், டி.இ.20இன் வால்வுகள் மேலே இருப்பதால் அதன் தலையில் வால்வு மூடி பெட்டிபோல் புடைத்து நிற்கும். பட்டயங்கள், பானட், முன்கிரில் ஆகியவற்றை இந்தக் கட்டத்தில் நம்ப வேண்டாம். அவை நான்கு போல்ட்டுகளில் இடம் மாறிவிடக் கூடியவை.

டி.ஓ.20ஐப் பிரிப்பது சற்று நுணுக்கமானது, ஏனென்றால் நான்கு கியர்களும் மேல்வால்வு எஞ்சினும் அதற்கும் உண்டு. எண் தகட்டில் உள்ள முன்னெழுத்தே முதல் சான்று. அது இல்லையென்றால் மின் உறுப்புகளைப் பாருங்கள்: கோவென்ட்ரி வண்டிகளுக்கு லூகாஸ் நிறுவனத்தின் மின் உறுப்புகள் பொருத்தப்பட்டன, அமெரிக்க வண்டிகளுக்கு அந்நாட்டு உறுப்புகள். ஆனால் டைனமோவும் ஸ்டார்ட்டரும் எழுபது ஆண்டில் இரண்டு மூன்று முறையாவது மாறியிருக்கும் என்பதால், இது துணைச் சான்றுதான்.

எண் தகட்டைப் படித்தல்

டி.இ.20இன் தொடர் எண் டேஷ்போர்டில் பொருத்திய சிறு தகட்டில் இருக்கும். எண்கள் 1946இல் ஒன்றிலிருந்து தொடங்கி, எல்லா வகைகளுக்கும் பொதுவாக ஒரே வரிசையில் ஓடின. பெட்ரோல் வண்டிக்கு ஒரு வரிசை, டீசல் வண்டிக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக இல்லை. அது நமக்கு ஒரு வசதி. வெளியான அட்டவணைகளின்படி 1948 தொடங்கும்போது எண் 20 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது; 1950 தொடக்கத்தில் சுமார் 1,16,000; 1953 தொடக்கத்தில் சுமார் 3,10,000; 1956 தொடக்கத்தில் சுமார் 4,88,000. இறுதி எண் 5,17,000ஐச் சற்றுத் தாண்டி நின்றது. ஒரு வண்டியின் எண் 1,40,000 என்றால் அது 1950ஆம் ஆண்டு வண்டி என்று உடனே சொல்லிவிடலாம். எல்லைக்கு மிக அருகிலுள்ள எண்களுக்கு மட்டும் அட்டவணைக்கு அட்டவணை சிறு வேறுபாடு இருப்பதால், அங்கே 'இந்த ஆண்டின் இறுதி அல்லது அடுத்த ஆண்டின் தொடக்கம்' என்று எழுதுவதே நேர்மை.

புதிதாக அச்சடித்த தகடுகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். துருப்பிடித்த தகட்டை மாற்றுவது குற்றமில்லை. அதில் எந்த எண்ணைப் பொறித்தார்கள் என்பதே கேள்வி. தகட்டைத் தாங்கும் திருகுகள் சுற்றியுள்ள இரும்பைவிடப் புதிதாக இருக்கின்றனவா, எழுத்துகள் சீராக இல்லாமல் கையால் தட்டியவைபோல் இருக்கின்றனவா, தகட்டின் கீழே பழைய பெயிண்ட் தெரிகிறதா என்று பாருங்கள். தகட்டில் ஓர் ஆண்டும் வண்டியின் பிற உறுப்புகளில் வேறோர் ஆண்டும் தெரிந்தால், சிறு தகட்டைவிடப் பெரிய வார்ப்புகளின் சொல்லுக்கே எடை அதிகம். கியர்பாக்ஸ் உறையிலோ பின் அச்சு உறையிலோ புடைப்பாக வார்க்கப்பட்ட தேதிக் குறி இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வார்த்த பிறகுதான் வண்டியாகப் பூட்டுவார்கள். ஆகவே தகட்டின் ஆண்டு வார்ப்பின் தேதிக்கு முந்தையதாக இருக்கவே முடியாது. அப்படி இருந்தால் இரண்டில் ஒன்று பின்னால் வந்தது.

தொடர் எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளில் மூன்றாவதுதான் முக்கியம், ஏனென்றால் அது எஞ்சினையும் எரிபொருளையும் வண்டியின் அகலத்தையும் சொல்கிறது. மூன்றாவது எழுத்தே இல்லாமல் வெறும் டி.இ.20 என்றால் அமெரிக்காவின் கான்டினென்டல் எஞ்சின் பொருத்திய முதல் வகை. 'ஏ' என்றால் ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் பெட்ரோல் எஞ்சின். ஆங்கில வரிசையின் நான்காவது எழுத்தான 'டி' என்றால் டி.வி.ஓ. எனப்படும், மண்ணெண்ணெய் போன்ற டிராக்டர் எரிபொருளில் ஓடுவது. 'எஃப்' என்றால் டீசல். 'எச்' என்றால் 'லாம்ப் ஆயில்', அதாவது தரம் குறைந்த மண்ணெண்ணெய் வகையில் ஓடுவது, பெரும்பாலும் ஏற்றுமதிக்கு. 'பி', 'சி', 'இ' ஆகியவை குறுகிய அகலமுள்ள வண்டிகள்; 'கே', 'எல்', 'எம்' ஆகியவை திராட்சைத் தோட்ட வரிசைகளுக்கு இடையே செல்வதற்காக இன்னும் ஒடுக்கிச் செய்யப்பட்டவை. 'பி'க்கும் ஆங்கிலத்தின் பதினாறாவது எழுத்துக்கும் தமிழில் ஒரே வடிவம் வருவதால், குறிப்பு எழுதும்போது ஆங்கில எழுத்தையே படமெடுத்து வைப்பது நல்லது; அந்தப் பதினாறாவது எழுத்து குறுகிய வண்டியை அல்ல, தொழிற்சாலைகளில் ஓடிய பெட்ரோல் வண்டியைக் குறிக்கிறது.

எஞ்சின் சொல்லும் காலம்

1946இல் டிராக்டர் தயாராக இருந்தது. அதற்கான ஸ்டாண்டர்ட் எஞ்சின் தயாராகவில்லை. ஆகவே கான்டினென்டல் இசட்-120 எஞ்சின்களை அமெரிக்காவிலிருந்து இறக்கினார்கள். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் டாலர் மிகவும் அரிது. ஆகவே உள்நாட்டு எஞ்சின் வந்ததும் 1948உடன் அது நின்றுபோயிற்று. இந்தச் சிறு பொருளாதார நெருக்கடிதான் இன்று நமக்கு ஒரு தேதிக் குறியாகியிருக்கிறது: கான்டினென்டல் எஞ்சினுடன் 1951ஆம் ஆண்டின் எண்ணுள்ள கோவென்ட்ரி வண்டி வந்தால், எஞ்சினோ தகடோ அங்கே பிறந்ததல்ல.

ஸ்டாண்டர்டின் பெட்ரோல் எஞ்சின் முதலில் 80 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டத்துடன் 1,850 கன சென்டிமீட்டர் கொள்ளளவு கொண்டது. பிற்பாடு விட்டம் 85 மில்லிமீட்டராகி, கொள்ளளவு 2,088 ஆயிற்று. அதே எஞ்சினைச் சிறு மாற்றங்களுடன் ஸ்டாண்டர்ட் வான்கார்ட் காரிலும் பொருத்தினார்கள், டிரையம்ப் டி.ஆர்.2 விளையாட்டுக் காரின் எஞ்சினும் அதே குடும்பம்தான். விவசாயிக்கு அது மலிவான உதிரி பாகக் களஞ்சியம். ஆராய்பவருக்கு அது தலைவலி. காரின் எஞ்சின் டிராக்டரில் ஓடுவதும், சிலிண்டருக்குள் கழற்றி மாட்டும் உறைகளான லைனர்களை மாற்றி விட்டத்தைக் கூட்டுவதும் நடந்திருக்கின்றன என்பதால், விட்டத்தை அளந்து மட்டும் ஆண்டைத் தீர்மானிக்கக் கூடாது. பிளாக்கின் பக்கத்தில் பொறித்த எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது தொடர் எண்ணுடன் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஆனால் எஞ்சின் டிராக்டருக்காகச் செய்ததா, காருக்காகச் செய்ததா என்பதை விவரமறிந்த சங்கத்தார் அந்த எண்ணிலிருந்து சொல்லிவிடுவார்கள்.

டி.வி.ஓ. வண்டியைக் கண்டுபிடிக்க எரிபொருள் தொட்டியைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு டி.வி.ஓ.வுக்கு மாற்ற வேண்டியிருந்ததால், தொட்டி இரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, மேலே இரண்டு மூடிகள் இருக்கும். எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையைச் சூடாக வைத்திருக்க, அது எஞ்சினுக்குள் செல்லும் குழாயமைப்பான மேனிஃபோல்டின் மீது தகட்டு உறையும் உண்டு. போருக்குப் பின் பெட்ரோல் பங்கீட்டில் இருந்த பிரிட்டனில் 1949இல் வந்த இந்த வகை ஏன் அத்தனை விற்றது என்பதை, பங்கீடு 1950 மே வரை நீடித்தது என்ற ஒரு செய்தியே விளக்கிவிடும். பிற்காலத்தில் பலர் மேனிஃபோல்டு உறையை எறிந்துவிட்டுப் பெட்ரோலிலேயே ஓட்டினார்கள். ஆனால் இரு மூடித் தொட்டியை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. ஆகவே தொட்டியின் சாட்சி மேனிஃபோல்டின் சாட்சியைவிட நம்பகமானது.

டீசல் வகை 1951இல் வந்தது. நான்கு சிலிண்டருள்ள ஸ்டாண்டர்ட் டீசல் அது. கொள்ளளவு 2,092 கன சென்டிமீட்டர். மூன்று சிலிண்டர் டீசலுடன் ஒரு சாம்பல் நிற டி.இ.20 எதிரே நின்றால் உடனே போலி என்று முகம் சுளிக்க வேண்டாம். பெட்ரோல் வண்டியை டீசலாக மாற்ற பெர்கின்ஸ் நிறுவனமே தன் பி3 எஞ்சினை அந்தக் காலத்திலேயே விற்றது. அப்படி மாற்றிய வண்டிக்கும் அதற்கே உரிய வரலாறு உண்டு. அதைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பொருத்துவது எனக்கு உடன்பாடில்லாத காரியம்.

6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்பதைச் சிலர் பெரிய சான்றாகச் சொல்வார்கள். தொடக்க கால வண்டிகள் 6 வோல்ட்டிலும் பின்வந்தவை 12 வோல்ட்டிலும் ஓடியது உண்மைதான். ஆனால் குளிர்காலக் காலையில் வண்டி கிளம்பாமல் அலுத்துப்போனவர்கள் அநேகமாக எல்லாருமே 12க்கு மாற்றிவிட்டார்கள்.

ஹைட்ராலிக்கை ஓட்டிப் பார்த்தல்

ஃபெர்குசன் வண்டியின் உயிர் பின்பக்கத்தில் இருக்கிறது. நிலத்தில் கலப்பை இறங்கும்போது மண்ணின் எதிர்ப்பு அதை முன்னோக்கிச் சாய்க்கப் பார்க்கும். அந்தச் சாய்வு மேற்கையை டிராக்டரின் பக்கம் தள்ளும். மேற்கையின் முனையிலுள்ள கனத்த சுருள்வில் அமுங்கி, ஹைட்ராலிக் பம்பின் உறிஞ்சும் பக்கத்திலுள்ள வால்வை அசைக்கும். மண் இறுகினால் கலப்பை தானாகச் சற்று உயரும், இளகினால் தாழும். கலப்பையின் எடையும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரங்களின் மீது ஏறுவதால், இத்தனை சிறிய வண்டி கனத்த வண்டிகளின் வேலையைச் செய்தது. 1917இல் அயர்லாந்து வயல்களில் கண்ட ஆபத்துக்கு ஃபெர்குசன் கண்ட விடை இதுவே.

பார்க்கச் சென்ற வண்டி ஓடும் நிலையில் இருந்தால், பி.டி.ஓ., அதாவது எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் உள்ள கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டின், நெம்புகோலைச் சேர்த்து, கீழ்க்கைகளில் கனமான ஏதாவதொன்றை மாட்டி உயர்த்தச் சொல்லுங்கள். பாதி உயர்ந்திருக்கும்போது கிளட்சை மிதித்தால் டி.இ.20இல் தூக்குவது அப்படியே நின்றுவிடும், பி.டி.ஓ.வைப் பிரித்துவிட்டால் தூக்கவே தூக்காது. இது பழுதல்ல. பம்பு பி.டி.ஓ. தண்டிலிருந்தே சுழல்வதால் அப்படித்தான் இருக்க வேண்டும். கிளட்சைப் பாதி மிதித்து வண்டி நின்ற பிறகும் பம்பு ஓடிக்கொண்டிருந்தால், அது இரட்டைக் கிளட்சு பொருத்திய 35 வரிசையின் அடையாளம். சாம்பல் பெயிண்ட் எத்தனை அழகாக இருந்தாலும் அது டி.இ.20 அல்ல. மேற்கையின் சுருள்வில் இருந்த இடத்தில் வெறும் கம்பியைப் பற்றவைத்து அசையாமல் செய்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். பாரம் தூக்கும் வேலைக்கு மட்டும் வண்டியை வைத்திருந்தவர்கள் செய்த காரியம் அது. திரும்பச் சரிசெய்ய முடியும், ஆனால் அதன் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

நிறமும் 35 வரிசையும்

டி.இ.20 பானட்டிலிருந்து பின் அச்சு வரை ஒரே சாம்பல். 1956 அக்டோபரில் வந்த எஃப்.இ.35இல் தகட்டு வேலை, அதாவது பானட் போன்ற தகட்டு உறுப்புகள், சாம்பல், எஞ்சினும் கியர்பாக்ஸும் செம்புப் பொன்னிறம். அதனால்தான் சேகரிப்பாளர்கள் அதைப் 'பொன் வயிறு' என்கிறார்கள். எம்.எஃப்.35இல் தகட்டு வேலை சிவப்பு, வார்ப்புகள் சாம்பல். 1953இல் மாஸி-ஹாரிஸ் வந்தவுடன் வண்டி சிவந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக இரு விற்பனையாளர் வரிசைகளும் தனித்தனியாக இயங்கியதால், டி.இ.20 தன் கடைசி நாள் வரை சாம்பலாகவே இருந்தது. சிவப்பு டி.இ.20 என்பது எப்போதும் மறுபூச்சுதான். பெயிண்ட்டைச் சோதிக்க வெளியே தெரியும் இடங்களை விட்டுவிட்டு, எண் தகட்டின் பின்புறம், ஸ்டீயரிங் பெட்டியின் அடிப்பகுதி, தொட்டியின் பட்டைக்குக் கீழ் ஆகிய இடங்களைப் பாருங்கள்.

35 வரிசையில் எஞ்சினே காலத்தைப் பிளக்கும் கோடு. 1959 வரை டீசல் வண்டிகளுக்கு ஸ்டாண்டர்டின் நான்கு சிலிண்டர் 23சி எஞ்சின். குளிரில் கிளம்ப மறுப்பதில் அது பேர்போனது. 1959இன் இறுதியிலிருந்து பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் 3ஏ.152 வந்தது. நிறுவனம் அந்த ஆண்டுதான் பெர்கின்ஸை வாங்கியது என்பதை நினைவில் வைத்தால் இந்த மாற்றத்தின் ஆண்டு மறக்காது. சிலிண்டர்களை எண்ண சிலிண்டருக்கு டீசலைக் கொண்டுசெல்லும் இன்ஜெக்டர் குழாய்களை எண்ணினால் போதும். 1962இல் வலிமை கூட்டிய 35எக்ஸ் வந்தது. 'எக்ஸ்' பட்டயத்தைச் சாதாரண 35இல் ஒட்டி விற்பது நடப்பதால் தொடர் எண்ணையும் பார்த்தே தீர வேண்டும்.

காகிதங்கள்

வண்டி சொன்னதைக் காகிதத்துடன் ஒப்பிடுவது கடைசி வேலை. பிரிட்டனில் பழைய பதிவேடுகளைக் கவுண்டி மன்றங்கள் வைத்திருந்தன. 1970களில் ஸ்வான்சியிலுள்ள மைய அலுவலகத்துக்குப் பதிவு மாறியபின், மிஞ்சிய பழைய பதிவேடுகள் பல கவுண்டி ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. பழைய பதிவு எண் தெரிந்தால் முதல் உரிமையாளரின் ஊரும் பதிவு நாளும் அங்கே கிடைக்கலாம். ஆனால் பதிவு ஆண்டு வேறு, தயாரிப்பு ஆண்டு வேறு. விற்பனையாளரிடம் மாதக்கணக்கில் நின்ற வண்டிகள் உண்டு. வயலை விட்டு வெளியே வராததால் பதிவே செய்யப்படாமல் இருந்தவையும் உண்டு.

பழைய எண்ணை மீட்க வி765 படிவமும், பதிவே இல்லாத வண்டியைப் புதிதாகப் பதிய வி55/5 படிவமும் டி.வி.எல்.ஏ. எனப்படும் அந்த ஸ்வான்சி பதிவு அலுவலகத்திடம் தரப்பட வேண்டும். இரண்டுக்கும் வண்டியின் வயதுக்கு ஒரு சான்று தேவைப்படும். ஃபெர்குசன் வண்டிகளுக்கான சங்கங்கள் எண்களையும் படங்களையும் பார்த்து அந்தச் சான்றை எழுதித் தருகின்றன. அவர்களுக்கு அனுப்பும்போது, தகட்டின் படம், எஞ்சின் எண்ணின் படம், வார்ப்புத் தேதி தெரியும் படம், இருபுறமும் பின்னாலும் எடுத்த முழுப் படங்கள் ஆகியவற்றுடன், எந்த உறுப்பு மாறியிருக்கிறது என்று நீங்கள் கண்டீர்களோ அதையும் எழுதி அனுப்புங்கள். 1949இன் தகடும் 1952இன் எஞ்சினும் உள்ள வண்டி 1949ஆம் ஆண்டு வண்டியாகவே பதியப்படும். எஞ்சின் மாறிய செய்தி குறிப்பில் தனி வரியாக நிற்கும். தகடே இல்லாமல் வார்ப்புத் தேதி மட்டும் கிடைத்திருந்தால், அந்தத் தேதிக்குப் பிந்தைய மிக அருகிலுள்ள ஆண்டைக் குறிப்பிட்டு, அது எந்த உறுப்பிலிருந்து எடுத்தது என்பதைச் சேர்த்து எழுத வேண்டும்.